எய்லரான் கனத்தைக் குறைத்துத் தரும் வேலந்தாவளம் பட்டறை: ஒரு மதிப்புரை

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடையே, காற்றாலை உதிரிகளையும் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்களையும் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் பின்கட்டில் உள்ள தகட்டு வேலைக்கூடத்தில், சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்கு, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் சிறகு மடல்களான எய்லரான்களில் வேலை செய்து தருகிறார்கள். பெயர்ப்பலகையில் இந்த வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெயரை வெளியிட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் நானும் இங்கே குறிப்பிடவில்லை. நானும் என் மைத்துனரும் சேர்ந்து கட்டிய இரண்டு இருக்கை விமானத்தின் எய்லரான்களை அங்கே கொடுத்து வாங்கினோம். வேலை எனக்கு நிறைவளித்தது. எதனால் நிறைவளித்தது, எங்கே குறைபட்டது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அசைக்க அதிக வலு கேட்கும் கனத்த எய்லரான், வீட்டில் கட்டிய விமானங்களில் பரவலாகக் காணப்படும் குறை. அதற்கு நண்பர்கள் சொல்லும் தீர்வுகளில் சில உயிருக்கே ஆபத்தானவை.

எங்களுடையது அலுமினியத் தகடு போர்த்திய தாழ்சிறகு விமானம்; 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் பூட்டியது. சிறகின் பின்விளிம்பில், நுனிப்பக்கமாக இருக்கும் எய்லரான்கள் ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் இறங்கி, விமானத்தைச் சாய்க்கின்றன. எங்கள் விமானத்தில் அவை சிறகின் மேல்தகட்டோடு பியானோ கீலால், அதாவது முழு நீளத்துக்கும் ஓடும் ஒரே நீண்ட கீலால், பிணைக்கப்பட்டவை. கட்டுவதற்கு எளிய முறை இது. ஆனால் எய்லரானின் பரப்பு முழுவதும் கீலுக்குப் பின்னாலேயே இருப்பதால், காற்றின் எதிர்ப்பைச் சமன்செய்ய முன்னால் எதுவும் இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வரும் மாதங்களில், தாழப் பறக்கும்போது சிறகுகள் ஓயாமல் இப்படியும் அப்படியும் சாய்கின்றன. ஒரு கை எஞ்சின் வேகத்தை மாற்றும் த்ராட்டிலில் இருக்க, மற்றொரு கையால் மட்டும் ஒவ்வொரு சாய்வையும் திருத்திக்கொண்டே வர வேண்டும். விமானியின் கட்டுப்பாட்டுக் கம்பான ஸ்டிக்கை முன்பின்னாக அசைக்க விரல்களே போதும் என்றிருக்க, பக்கவாட்டில் அசைக்கத் தோளே வேலை செய்ய வேண்டியிருந்தது.

இது வெறும் சுகக்குறைவு பற்றிய புகார் அல்ல. எய்லரான், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடர் ஆகிய மூன்றுக்கும் தேவைப்படும் விசைகள் ஏறத்தாழ 1:2:4 என்ற விகிதத்தில் இருந்தால்தான் விமானம் கைக்கு இசைவாக இருக்கும் என்பது விமானிகளிடையே நெடுங்காலமாக உள்ள அளவுகோல். எங்களிடம் முதல் இரண்டும் தலைகீழாக இருந்தன. அமெரிக்கச் சிறுவிமான விதிகளின் 23-ஆம் பகுதி, அதன் பழைய வடிவில், ஸ்டிக்கின் பக்கவாட்டு விசைக்குச் சிறிது நேரத்துக்கு 30 பவுண்டு, நெடுநேரத்துக்கு 5 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்திருந்தது. கிலோவில் சொன்னால் ஏறக்குறைய பதின்மூன்றரையும் இரண்டேகாலும். அந்த இரண்டாவது எண்ணைத்தான் மனத்தில் கொள்ள வேண்டும். காற்றோடு மல்லுக்கட்டி அரைமணி நேரம் பறந்தபின் தரையிறங்க வரும் விமானியின் கையில் மிச்சம் இருக்கும் வலுவை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

பட்டறைக்குச் சென்ற முதல் நாளே, கழற்றிக் கொண்டுபோயிருந்த எய்லரான்களை அவர்கள் தொடவில்லை. உரிமையாளர் என்னைவிட இளையவர், கொழிஞ்சாம்பாறைத் தமிழர். "அண்ணா, எய்லரானை அப்புறம் பார்த்துக்கலாமுங்க. கனம் காத்துல இருந்து வருதா, கம்பியில இருந்து வருதான்னு முதல்ல தெரிஞ்சுக்கலாமுங்க" என்றார். "தம்பி, காற்றில்தானே கனக்கிறது, தரையில் லேசாகத்தானே இருக்கிறது" என்றேன். மறுப்பேதும் சொல்லாமல் ஒரு மின்னணுத் தொங்குதராசை எடுத்துக்கொண்டு, எய்லரான்களைத் திரும்பப் பூட்டச் சொல்லி, எங்கள் விமானம் நிற்கும் கொட்டகைக்கே வந்துவிட்டார். இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

அவர் அளந்த முறையைச் சொல்லியாக வேண்டும். ஸ்டிக்கின் பிடியில் தராசின் கொக்கியை மாட்டி, தரையில், காற்றில்லாத விடியற்காலையில், மெல்ல இழுத்து, நகரத் தொடங்கும் விசையையும் நகர்ந்துகொண்டிருக்கும் விசையையும் குறித்தார். பிறகு எய்லரானைத் தள்ளும் தண்டான புஷ்ராடை எய்லரான் அருகே கழற்றிவிட்டு, விமானி அறையிலிருந்து, கேபிளின் இழுப்பைப் புஷ்ராடுக்குத் திருப்பித் தரும் நெம்பான பெல் கிராங்க் வரையுள்ள பாதியைத் தனியாகவும், எய்லரான்களைத் தனியாகவும் அளந்தார். அதன்பின் எல்லாவற்றையும் பூட்டி, பூட்டியதை இருவர் தனித்தனியே சரிபார்த்து, என் மைத்துனர் ஓட்ட நான் வலப்பக்க இருக்கையில் தராசோடு அமர்ந்து பறந்தோம். இடப்பக்கம் 30 பாகை சாய்விலிருந்து வலப்பக்கம் 30 பாகைக்கு உருள வேண்டும். ஸ்டிக்கின் விலகல் அதன் முழு வீச்சில் கால் பங்கில், நாங்கள் ஒட்டிவைத்த குறியில் நிற்க வேண்டும். அந்தக் கணத்தில் தராசைப் படிக்க வேண்டும். 80 நாட் (மணிக்கு ஏறத்தாழ 148 கிலோமீட்டர்) வேகத்தில் மூன்றரைக் கிலோ காட்டியது. 120 நாட்டில் 6.6 கிலோ. தரையில் அளந்த உராய்வு மட்டும் ஒரு கிலோ.

இந்த மூன்று எண்களே போதும். கீலைச் சுற்றிக் காற்று தரும் திருப்புவிசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். உராய்வு பெரும்பாலும் வேகத்தைப் பொருட்படுத்தாது. 80-லிருந்து 120-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, காற்றின் பங்கு இரண்டேகால் மடங்கு. மூன்றரையில் உராய்வுக்கு ஒன்றைக் கழித்தால் இரண்டரை. அதை இரண்டேகாலால் பெருக்கினால் 5.6, உராய்வைத் திரும்பக் கூட்டினால் 6.6. கணக்கு அப்படியே பொருந்தியது. தரையிறங்கும் வேகத்தில் நாங்கள் உணர்ந்த கனத்தில் கணிசமான பங்கு காற்றே அல்ல, நாங்களே கட்டிவைத்த உராய்வு என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்த உராய்வுக்கு மூன்று காரணங்கள் கிடைத்தன. நீளமான பியானோ கீல் முழு நேர்கோட்டில் இல்லாமல், நடுவில் சற்றே வளைந்திருந்தது. பறக்கும்போது சிறகு மேல்நோக்கி வளைவதால் அந்தப் பிடிப்பு மேலும் கூடும். புஷ்ராடின் முனை மூட்டான ராட் எண்ட் ஒன்று, முழு விலகலில் பக்கவாட்டில் இடித்தது. மூன்றாவதுதான் எங்கள் ஊர் வெயிலோடு தொடர்புடையது. அலுமினியம் வெப்பத்தில் விரியும் அளவு, எஃகு விரிவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. சிறகு அலுமினியம், கேபிள் எஃகு. மார்கழிக் குளிரில் விடியற்காலையில் சரியான இறுக்கத்தில் கட்டிய கேபிள், பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் கொட்டகைக்கு வெளியே நிற்கும் விமானத்தில் கம்பியாக விறைத்துவிடுகிறது; புல்லிகள் தாங்கும் சுமையும் அதற்கேற்ப ஏறுகிறது. வடிவமைப்பாளர் தந்த இறுக்க அளவு எந்த வெப்பநிலைக்கு உரியது என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருந்ததை நாங்கள் இருவருமே பொருட்படுத்தவில்லை. பட்டறையில் டென்ஷன் மீட்டர் வைத்து, அன்றைய வெப்பநிலைக்குரிய அட்டவணைப்படி கட்டித் தந்தார்கள். கீலையும் ராட் எண்டையும் சரிசெய்தபின் உராய்வு 0.4 கிலோவுக்கு இறங்கியது.

எஞ்சியது காற்றின் பங்கு. இங்கேதான் தீர்வுகள் பல, சிக்கல்களும் பல. உரிமையாளர் ஒவ்வொன்றையும் எங்களோடு உட்கார்ந்து பேசினார். எதையும் விற்க முயலவில்லை.

பெல் கிராங்கின் கை நீளத்தை மாற்றி ஸ்டிக்குக்கு நெம்புபலம் கூட்டலாம். செலவு மிகக் குறைவு. ஆனால் ஸ்டிக் முட்டும்வரை தள்ளினாலும் எய்லரான் முன்போல் முழுதாக விலகாது. மேற்கிலிருந்து குறுக்குக்காற்று வீசும் பகலில், மெதுவான வேகத்தில் தரையிறங்கும்போதுதான் முழு விலகல் தேவைப்படுகிறது. இங்கே பறப்பவர்கள் அதை விட்டுக்கொடுக்க இயலாது. எய்லரானின் அகலத்தைக் குறைப்பது அடிப்படையான தீர்வு. கதவைக் கைப்பிடியருகே தள்ளுவதற்கும் கீலருகே தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கும்: முன்பின் அகலம் கூடினால் பரப்பும் கூடுகிறது, கீலிலிருந்து தொலைவும் கூடுகிறது, ஆகவே திருப்புவிசை அகலத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வரைபலகையில் செய்ய வேண்டிய அந்த மாற்றத்தை, கட்டி முடித்த சிறகில் செய்வது புதிதாகக் கட்டுவதற்குச் சமம். கீலைப் பின்னுக்குத் தள்ளி எய்லரானின் மூக்கை முன்னால் நீட்டுவதும், பிரிஸ்டல் நிறுவனத்தின் லெஸ்லி ஃப்ரைஸ் பெயரால் வழங்கும் மூக்கு அமைப்பும் அவ்வாறே. மூக்கு அளவுமீறி நீண்டுவிட்டால் விசை குறைவதோடு நிற்காமல் திசையே மாறி, எய்லரான் ஸ்டிக்கைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடும்.

சாகச விமானங்களில் எய்லரானுக்குக் கீழே, கீலுக்கு முன்னால், ஒரு கையில் தொங்கும் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பேட் என்பார்கள். எய்லரான் இறங்கும்போது அந்தத் தட்டின் முன்விளிம்பு மேல்நோக்கிச் சாய்ந்து காற்றை வாங்கி, இறங்குவதற்கே உதவுகிறது. என் மைத்துனர் அதைத்தான் விரும்பினார். ஆனால் அந்தத் தட்டின் சுமை முழுவதும் எய்லரானின் மெல்லிய தகட்டில் ஒரே இடத்தில் இறங்கும் என்பதையும், எங்கள் எய்லரானுக்குள் அந்த இடத்தில் விலா எலும்பே இல்லை என்பதையும் வரைபடத்தை விரித்துக் காட்டி, உரிமையாளர் மறுத்துவிட்டார். எய்லரானுக்கும் சிறகுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நாடாவால் மூடச் சொல்வோரும் உண்டு. எங்கள் மேல்கீல் அமைப்பில் கீலே அந்த இடைவெளியை மூடிவிடுவதால் அதற்கு வேலையில்லை. பின்விளிம்பின் வடிவத்தை மாற்றுவது இன்னொரு வழி. பின்விளிம்பைத் தடிமனாக்கிச் சாய்வாகச் சீவினால் விசை குறையும் என்பதை நாசாவுக்கு முன்னோடியான அமெரிக்காவின் நாகா ஆய்வுக்கூடம் 1940-களிலேயே காற்றுச்சுரங்கத்தில் கண்டறிந்திருக்கிறது. சிறு விலகல்களில் அது மட்டுமீறி வேலைசெய்து, ஸ்டிக்குக்கு நடுநிலை எது என்பதே கைக்குத் தெரியாமல் போகக்கூடும் என்பதால் அதையும் தவிர்த்தோம். எங்கள் இரு எய்லரான்களின் பின்விளிம்புகளும் ஒரே வளைவில் இல்லை என்பது மட்டும் அதற்காகப் பின்விளிம்பைப் பார்த்தபோது வெளிப்பட்டது. அதை இரு பக்கமும் ஒன்றுபோல் ஆக்கித் தந்தார்கள்.

இறுதியில் தேர்ந்தது பேலன்ஸ் டேப் எனப்படும் சமன் சிறுமடல். ஜெர்மானியப் பொறியாளர் ஆன்டன் ஃப்ளெட்னரின் பெயரோடு இணைந்த சர்வோ சிறுமடலுக்கு நெருங்கிய உறவு இது. எய்லரானின் பின்விளிம்பில், உள்பக்க முனையில், ஒரு சிறிய மடல். அதன் கொம்பிலிருந்து சிறகின் பின்பக்க உத்தரத்துக்கு ஒரு மெல்லிய இணைப்புத்தண்டு. எய்லரான் இறங்கினால் தண்டு சிறுமடலை மேலே திருப்பும். அந்தச் சிறுமடல் மேல் படும் காற்று எய்லரானை மேலும் இறக்கத் தள்ளும். கீலிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் சிறிய பரப்பே போதும். எய்லரானின் உருட்டுந்திறன் இதனால் சிறிதளவு குறைவது உண்மை. கொம்பில் மூன்று துளைகள் இட்டு, விகிதத்தைப் படிப்படியாகக் கூட்டும்படி அமைத்திருந்தார்கள். முதலில் எய்லரான் நான்கு பாகை திரும்பினால் சிறுமடல் ஒரு பாகை என்ற மிகக் குறைந்த விகிதத்தில் பறந்து பார்த்த பிறகே அடுத்த துளைக்குப் போகச் சொன்னார். கடைசித் துளையை நாங்கள் பயன்படுத்தவில்லை. "கைக்குக் கொஞ்சம் கனம் இருக்கட்டுங்க அண்ணா. கனமே இல்லைன்னா வேகம் கூடுறது கைக்குத் தெரியாதுங்க" என்ற அவருடைய கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்.

இனிச் சொல்வதுதான் இந்த வேலையில் மிக முக்கியமானது. எய்லரானின் மூக்கில் வைக்கும் ஈயக்கட்டி கையின் கனத்தைக் குறைப்பதற்காக என்று பலர் நம்புகிறார்கள். அது அதற்கல்ல. வேகமாகப் பறக்கும்போது சிறகும் எய்லரானும் ஒன்றையொன்று தூண்டிப் படபடக்கும் ஃப்ளட்டரைத் தடுக்கவே அந்த நிறைச்சமன். ஃப்ளட்டர் தொடங்கினால் சிறகு சில நொடிகளில் முறியக்கூடும். ஸெனித் சிஎச் 601 எக்ஸ்எல் வகை விமானங்கள் வானில் முறிந்த விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எய்லரான் ஃப்ளட்டரைச் சுட்டிக்காட்டி, 2009 ஏப்ரலில் அவை பறப்பதை நிறுத்தி வைக்கக் கோரியது. பின்னர் வந்த மேம்பாட்டுத் தொகுப்பில் எய்லரானுக்கு நிறைச்சமன் சேர்க்கப்பட்டது.

சிறுமடல் பொருத்துவது பின்விளிம்பில் எடை கூட்டுவது. எங்கள் சிறுமடலும் அதன் கீலும் கொம்பும் சேர்ந்து 120 கிராம். எய்லரான் கீலிலிருந்து 250 மில்லிமீட்டர் பின்னால். எங்கள் எய்லரானிலிருந்து சிறகுக்குள் முன்னோக்கி நீளும் கையிலுள்ள ஈயமோ கீலிலிருந்து 75 மில்லிமீட்டர் முன்னால்தான் இருக்கிறது. ஆகவே 120 கிராமைச் சமன்செய்ய 400 கிராம் ஈயம் தேவைப்பட்டது, ஒவ்வொரு பக்கமும். பட்டறையில் எய்லரானை வண்ணம் பூசிய பிறகு, கத்திமுனைத் தாங்கியில் கிடத்தி, வடிவமைப்பாளர் கேட்ட சமநிலை வரும்வரை ஈயத்தைச் சீவியும் சேர்த்தும் சரிசெய்தார்கள். வண்ணத்துக்கு முன் சமன்செய்து தருகிற இடங்கள் உண்டு; பின்விளிம்பில் ஏறும் ஒரு பூச்சுகூடக் கணக்கைக் கெடுக்கும் என்பதால் அது வீண்வேலை. சிறுமடலின் கீலிலும் தண்டிலும் விரலுக்குத் தட்டுப்படும் ஆட்டம் சிறிதும் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, ஊசிகளைத் துளைக்கு ஏற்ப லேத்தில் கடைந்து பூட்டினார்கள்.

வடிவமைப்பாளரின் எழுத்துப்பூர்வமான இசைவு இல்லாமல் இந்தப் பட்டறை எந்த மாற்றத்தையும் செய்வதில்லை. சிலருக்கு இது இடைஞ்சலாகத் தோன்றலாம். எனக்கு இதுவே நம்பிக்கை தந்தது. மாற்றத்துக்குப் பிந்தைய பறப்புகளை உயரத்தில், குறைந்த வேகத்தில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டினோம். ஒவ்வொரு வேகத்திலும் ஸ்டிக்கை மெல்லத் தட்டி, அதிர்வு உடனே அடங்குகிறதா என்றும், பாதி விலகலில் பிடியைத் தளர்த்தினால் எய்லரான் தானாக நடுநிலைக்குத் திரும்புகிறதா என்றும் பார்த்த பிறகே அடுத்த வேகம். அதே கால் பங்கு விலகலுக்கு இப்போது தராசு 80 நாட்டில் 2 கிலோவும் 120 நாட்டில் 4 கிலோவும் காட்டுகிறது. ஆடிக்காற்றில் கணவாயைக் கடக்கும்போது பக்கவாட்டுத் திருத்தங்களை மணிக்கட்டே செய்துவிடுகிறது. எலிவேட்டரைவிட எய்லரான் இன்னும் சற்றே கனம்தான். 1:2:4 என்ற இசைவு எங்களுக்குக் கிட்டவில்லை, இந்தச் சிறகில் கிட்டாது என்றும் புரிந்துகொண்டேன்.

குறைகள் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை. காற்றாலைக் காலத்தில் அந்த வேலைகளே முன்னுரிமை பெறுகின்றன, எங்களுடையது ஒதுங்கிக் கிடந்தது. எஃகுக் கொம்பு அலுமினியத் தகட்டைத் தொடும் இடத்தில் பிரைமர் பூசாமலே பூட்டியிருந்தார்கள். ஈரக்காற்றுள்ள இந்தப் பகுதியில் அங்கே அரிப்பு விரைவில் தொடங்கும். சுட்டிக்காட்டியதும் பிரித்துப் பூசித் தந்தார்கள் என்றாலும், கேட்காமலே செய்திருக்க வேண்டிய வேலை அது. அளவீட்டுத் தாள்கள் பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் பென்சிலில் எழுதப்பட்டிருந்தன. விமானப் பதிவேட்டில் சேர்க்கத் தக்க முறையில், கையொப்பத்தோடு தட்டச்சுப் படியாகத் தருவது அவசியம். நாங்களே உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. கட்டணம் பொருள்களோடு சேர்த்து 40,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அளவீட்டுக்கும் உராய்வு வேலைக்கும் மட்டும் தனியாகக் கட்டணம் கேட்டுப் பெறலாம். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

துணி போர்த்திய எய்லரான்களை இங்கே ஏற்பதில்லை. வேகம் கூடும்போது துணி உப்பி வடிவம் மாறுவதால், ஒரு வேகத்தில் எடுத்த அளவு மற்றொரு வேகத்துக்குப் பொருந்தாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் எய்லரான்கள் அதிவேகத்தில் அசைக்க இயலாதபடி கனத்ததும், துணிக்குப் பதில் உலோகத்தகடு போர்த்தியபின் நிலைமை பெரிதும் சீரானதும் வரலாறு என்பதால் அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. செல்பவர்கள் சிறகின் முழு வரைபடத்தையும், வடிவமைப்பாளர் தந்த கேபிள் இறுக்க அட்டவணையையும், எய்லரானின் நிறைச்சமன் வரம்பையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். இவை இல்லாமல் வேலையைத் தொடங்க மாட்டார்கள். சிறுமடலின் ஊசிகளை ஒவ்வொரு 25 மணி நேரப் பறப்புக்கும் ஒருமுறை ஆட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவ்வாறு பார்த்தபோது இடப்பக்க ஊசியில் மிக இலேசான தேய்வு தெரிந்தது. கொண்டுபோனதும் இரு பக்கமும் புதிய ஊசி கடைந்து பூட்டி, நிறைச்சமனை மறுபடியும் சரிபார்த்துத் தந்தார்கள், அதற்குப் பணம் வாங்கவில்லை.